சட்டம் கேளுங்கள்: பழைய பிடிவிறாந்தும் பாதியில் விட்ட சமுதாய வேலையும்

கேள்வி: 2014 இல் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடியதற்கு சாவகச்சேரி நீதிமன்றத்தில் வழக்கு. பிணையில் வந்து, அடுத்த தவணைக்குப் போகாமல் கட்டாருக்குப் போய்விட்டேன். இப்போது ஊரில் நிற்கிறேன். பிடிவிறாந்து இருக்கிறதாம். இத்தனை வருடத்தில் அது காலாவதியாகியிருக்காதா?
(கொடிகாமம் வாசகர்)

பதில்: ஆகாது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, பிடியாணை (பிடிவிறாந்து) நிறைவேற்றப்படும் வரை, அல்லது பிறப்பித்த நீதிமன்றமே அதை இரத்துச் செய்யும் வரை செல்லுபடியாகும். பொலிஸில் ஆளைப் பிடித்து அழித்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த அதிகாரம் அங்கே இல்லை.

முதலில் வழக்கு இலக்கம் வேண்டும். பழைய அழைப்பாணையோ பிணைத் துண்டோ இல்லாவிட்டால், பெயர், ஆண்டு, வழக்குப் போட்ட பொலிஸ் நிலையம் ஆகியவற்றைச் சொல்லி, சட்டத்தரணி மூலம் பதிவாளர் அலுவலகத்தில் தேடுவியுங்கள். பலருக்கு இழுபடுவது இங்கேதான். வழக்கேட்டில் பெயரின் முதலெழுத்து மாறியிருக்கும். அடையாள அட்டை இலக்கம் பழைய ஒன்பது இலக்கமாக இருக்கும், உங்கள் கையில் இருப்பதோ புதிய 12 இலக்க அட்டை. இரண்டின் பிரதியும் கொண்டுபோங்கள்.

ஏட்டைப் பாராமல் அடுத்த அடி வைக்க வேண்டாம். நீங்கள் இல்லாமலே விசாரித்துத் தண்டனை விதித்திருந்தால் செய்ய வேண்டியது வேறு. வழக்கு இன்னும் நிலுவையில் என்றால், சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கான எழுத்து விண்ணப்பம்) போட்டு வழக்கைக் கூப்பிட வைப்பார். அன்று நீங்கள் நேரில் நின்று சரணடைய வேண்டும். போய்வந்த திகதி முத்திரை உள்ள கடவுச்சீட்டு, கிராம அலுவலரின் வதிவிடச் சான்று, அடையாள அட்டையோடு இரண்டு பிணையாளிகள், தண்டம் கட்டக் காசு எல்லாம் அன்றே கையில் இருக்கட்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டாவிட்டால் மறியலுக்குப் போக நேரலாம். கிழமையின் தொடக்கத்தில் போவது நல்லது. வெள்ளி பின்னேரம் பொலிஸ் பிடித்தால் பதில் நீதவான் (வழமையான நீதவானுக்குப் பதிலாக இருப்பவர்) முன் நிறுத்துவார்கள். வழக்கேடு அங்கே இராது, திங்கள் வரை உள்ளே இருக்க வேண்டி வரலாம்.

பிடியாணை மீளப்பெறப்பட்டதும் வேலை முடிந்ததென்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்து, சம்பந்தப்பட்ட பொலிஸ் நிலையத்தில் பழைய பதிவை நீக்குவியுங்கள். ஒரு பிரதி கடவுச்சீட்டோடு இருக்கட்டும், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உதவும்.

கேள்வி: எனக்குப் பிணை நின்ற மச்சானுக்கும் பிரச்சினை வருமா?

பதில்: வரும். பிணைமுறித் தொகையை, அதாவது பிணை நின்றபோது எழுதிக் கொடுத்த தொகையை, ஏன் அறவிடக்கூடாது என்று நீதிமன்றம் அவரிடம் விளக்கம் கேட்கலாம். சரணடையும் நாளில் அவரையும் கூட்டிப்போங்கள்.

கேள்வி: கசிப்பு (கள்ளச் சாராயம்) வழக்கில் சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை தந்தார்கள். பாதியில் விட்டுவிட்டேன். என்ன செய்வது?
(ஊர்காவற்றுறை வாசகர்)

பதில்: 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின் கீழான கட்டளை அது. உங்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் முதலில் போங்கள், நீதிமன்றத்துக்கல்ல. செய்து முடித்த மணித்தியாலங்களை எழுத்தில் கேளுங்கள். வரவுப் பதிவைப் படம் எடுத்து வையுங்கள். நீங்கள் கட்டளையை மீறியதாக அவரின் அறிக்கை நீதிமன்றத்துக்கு இன்னும் போகவில்லை என்றால், மீதியைச் செய்து முடிக்க வழி கேட்கலாம். போய்விட்டதென்றால் கட்டளையை நீக்கி வேறு தண்டனை விதிக்க நீதவானுக்கு முடியும், சட்டத்தரணி இல்லாமல் போகாதீர்கள். வருத்தத்தால் நின்றிருந்தால் அந்தக் காலத்துக் கிளினிக் கொப்பியைத் தேடி எடுங்கள். நேற்று வாங்கிய மருத்துவச் சான்றிதழை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில், வருமானச் சான்றோடு விண்ணப்பிக்கலாம்.