ஏசியில் கேஸ் தீருமா?
வீட்டு வசதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கடற்கரைக்கு மிக அருகில் குடியிருக்கிறோம். 8 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசிக்கு மூன்று கோடைகளாகத் தொடர்ந்து கேஸ் நிரப்பிவருகிறோம். “எட்டு வருஷம் ஆச்சும்மா, கேஸ் தீரத்தான் செய்யும், புதுசா வாங்கிடுங்க” என்கிறார் மெக்கானிக். பழுது பார்ப்பதா, மாற்றுவதா?
— ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: அம்மா, ஏசியில் கேஸ் தீராது. சமையல் சிலிண்டரில் இருப்பது எரிந்து தீர்ந்துபோகும் எரிபொருள். ஏசியில் இருப்பதோ மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிவந்து, அறையின் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டும் பொருள். குழாயில் ஓட்டை விழாதவரை 8 ஆண்டுகள் கழித்தும் அதன் எடை முதல் நாள் இருந்தபடியே இருக்கும். எனவே மூன்று கோடைகளாக நீங்கள் பணம் கொடுத்தது, ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றியதற்குத்தான். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் மிகுதியானவை இதே கதையைத்தான் சொல்கின்றன.

அடுத்த முறை மெக்கானிக் வந்தால், எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்கு முன், எங்கே கசிகிறது என்று கேளுங்கள். உண்மையிலேயே கேஸ் குறைந்திருக்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏனெனில் தூசி அடைத்த ஃபில்டர், அழுக்கேறிய காயில் (கேஸ் ஓடும் குழாயும் அதைச் சுற்றிய தகடுகளும் சேர்ந்த பகுதி), வலுவிழந்த கெப்பாசிட்டர் ஆகியவற்றாலும் குளிர்ச்சி குறையும், அவற்றையெல்லாம் பார்க்காமலேயே “கேஸ் இல்லை” என்று சொல்லிவிடுவது எளிது. கசிவு இருப்பது உறுதியானால், குழாயில் நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றிச் சில மணி நேரம் அப்படியே விட்டு, அழுத்தமானியில் முள் இறங்குகிறதா என்று பார்த்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். குழாயும் யூனிட்டும் சேரும் நட்டில் கசிந்தால் அது சிறிய வேலை. உங்கள் ஏசிக்கு இன்னும் ஆயுள் உண்டு. காயிலிலேயே கசிந்தால் கதை வேறு. உப்புக் காற்று படும் இடத்தில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் தகடு அரித்துப் பொடியாக உதிர்கிறது. அதோடு உங்கள் பகுதியின் பக்கிங்காம் கால்வாய் போலக் கழிவுநீர் தேங்கும் இடங்களிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, செம்பைக் கறுக்கவைத்து ஊசித்துளைகள் இடுகிறது. ஒரு துளையைப் பற்றவைத்து அடைத்தால் அடுத்த ஆண்டு பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

ஓட்டையை அடைத்த பிறகு கேஸ் ஏற்றும் முறையும் முக்கியம். வேக்குவம் பம்ப் வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி நாளடைவில் கம்ப்ரஸரைக் கெடுத்துவிடும். அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தாளில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். தராசில் வைத்து அந்த அளவே ஏற்றச் சொல்லுங்கள். அதில் ஆர்22 என்று இருந்தால், ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி அது உலகெங்கும் கைவிடப்பட்டுவரும் கேஸ். அதற்குப் பதிலாக ஆர்32ஐ நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆர்32இன் அழுத்தம் மிக அதிகம், ஓரளவு தீப்பற்றும் தன்மையும் உடையது. பழைய இயந்திரம் அதற்காகச் செய்யப்பட்டதன்று.

ஆகவே என் தீர்ப்பு இது: கசிவு இணைப்பில் என்றால் பழுது பாருங்கள். காயிலில் என்றால், அதை மாற்றும் செலவு புதிய ஏசி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்போது, கடலோரத்தில் 8 ஆண்டு உழைத்த இயந்திரத்திற்கு அந்தப் பணத்தைக் கொட்ட நான் சொல்லமாட்டேன். புதியது வாங்கும்போது செம்புக் காயிலும் அதன்மேல் அரிப்புத் தடுப்புப் பூச்சும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல் லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்கள். 2022 ஜூலையில் அளவுகோலைக் கடுமையாக்கியபோது அதுவரை 5 நட்சத்திரம் பெற்றிருந்தவை 4 ஆகக் குறைந்தன. ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் என்ற கணக்கும் அதே லேபிளில் இருக்கிறது. இரண்டு மாடல்களை ஒப்பிட அந்த எண்தான் நேரான வழி.

கேள்வி: மொட்டை மாடிக்குக் கீழே உள்ள 10க்கு 12 அடி படுக்கையறையில் 1 டன் ஏசி இருக்கிறது. மே மாதத்தில் இரவு 11 மணிவரை அறை குளிர்வதே இல்லை. 2 டன் ஏசியாக மாற்றலாமா?
— ஒரு வாசகர், வேலூர்

பதில்: ஐயா, டன் என்பது ஏசியின் எடை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பனிக்கட்டிக் காலத்து அளவு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்தக் காலத்தில் குளிர்ச்சியைப் பனிக்கட்டியின் எடையால் அளந்தார்கள். 2000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ அதுவே 1 டன். இன்றைய கணக்கில் 3.5 கிலோவாட்.

120 சதுர அடிக்கு அந்த ஆற்றல் போதுமானது. போதாமல் போகக் காரணம் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. கோடை வெயிலில் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியை எட்டும். பகலெல்லாம் குடித்த அந்த வெப்பத்தைத் தளம் மாலையில்தான் கீழே விடத் தொடங்குகிறது. இரவு 9 மணிக்கு நாற்காலி போட்டு ஏறி உள்கூரையைத் தொட்டுப் பாருங்கள், புரியும். 2 டன் வாங்கினாலும் அது அந்தக் கூரையோடுதான் மல்லுக்கட்டும், மின்கட்டணமும் ஏறும். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழேயுள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் சேர்த்தே விலை கூடிவிடுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே, இந்த ஆண்டு ஏசியை விட்டுவிட்டுத் தளத்திற்குச் செலவிடுங்கள். தளத்தைக் கழுவிப் பாசி நீக்கி, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு பூச்சு அடிக்கலாம்; கையில் பணம் குறைவென்றால் சுண்ணாம்பே போதும், மழையில் கரைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் பங்குனி பிறக்கும் முன் அடிக்க வேண்டியிருக்கும். மழைநீர்க் கசிவும் இருந்தால், நம் முன்னோர் செய்ததுபோலச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு மேலே தட்டை ஓடு பதித்துவிடுங்கள். செலவு கூடினாலும் இரண்டு தொல்லையும் ஒன்றாகத் தீரும். அதன் பிறகும் அறை குளிரவில்லை என்றால் தேவைக்கேற்பக் கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசியை நினைக்கலாம். 2 டன் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: இன்வெர்ட்டர் ஏசியின் பிசிபி போர்டு (ஏசியை இயக்கும் மின்னணுப் பலகை) இரண்டாம் முறையாகப் போய்விட்டது. திறந்து பார்த்தால் உள்ளே பல்லி செத்துக் கிடந்தது.
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: நம் ஊரில் இது அடிக்கடி நடப்பதுதான். அவுட்டோர் யூனிட்டின் போர்டு இளஞ்சூடாக இருப்பதால் பல்லியும் எறும்பும் அங்கே ஒதுங்குகின்றன; இரண்டு முனைகளை ஒருசேரத் தொட்டால் பல்லியும் போகும், போர்டும் போகும். புதிய போர்டு மாட்டும்போது அந்தப் பெட்டிக்கு வயர் நுழையும் துளைகளை அடைக்கச் சொல்லுங்கள். காற்று வரும் பக்கங்களை மட்டும் எதைக்கொண்டும் மூடிவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் 25 லிட்டர் கீசரில் இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை எலிமென்ட் எரிந்துவிட்டது. போர்வெல் தண்ணீர். புதிதாக வாங்கிவிடலாமா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: எலிமென்ட்டில் படியும் உப்பு அதன் சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுப்பதால் அது தானே வெந்து எரிகிறது. புதிய கீசருக்கும் இதே கதிதான். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து உப்பைச் சுரண்டி எடுத்து, தொட்டி துருப்பிடிக்காமல் தன்னையே கரைத்துக்கொள்ளும் மக்னீசியம் ஆனோடு கம்பியையும் பார்த்து மாற்றுங்கள். தொட்டியே கசியத் தொடங்கினால் மட்டும் மாற்றுங்கள். அதைப் பற்றவைத்துப் பயனில்லை.

கேள்வி: மார்கழிக் குளிரில் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. அறையைச் சூடாக்க எது நல்லது? இப்போது இரும்புச் சட்டியில் கரித்தணல் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.
— ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: தம்பி, இதைப் படித்தவுடன் அந்தச் சட்டியை வெளியே வையுங்கள். மூடிய அறையில் கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். மலை ஊர்களில் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருந்தால் அதையும் சுவருக்கு வெளியே மாற்றுங்கள், ஆபத்து ஒன்றே.

இந்த மாதமே வேண்டும் என்றால் எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டர் வாங்குங்கள். 2000 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 2 யூனிட் ஆகும். தனி வயரும் 16 ஆம்பியர் பிளக்கும் இருக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டக் கூடாது. நீண்ட நாள் பயனுக்கு ‘ஹாட் அண்ட் கோல்ட்’ ஏசி சிறந்தது. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துவருவதால், 1 யூனிட் மின்சாரத்திற்கு ஏறக்குறைய 3 யூனிட் அளவு வெப்பம் தரும். வெளிக்குளிர் மிகும்போது இந்தப் பலன் குறையும் என்பதால், உறைபனி விழும் உங்கள் ஊருக்கு, 0 டிகிரிக்குக் கீழும் சூடேற்றும் என்று கையேட்டில் எழுதியுள்ள மாடலை மட்டுமே வாங்குங்கள். அப்பாவின் மூச்சிரைப்பை மருத்துவர் ஒருவர் பார்க்கட்டும். அதற்குக் கரிப்புகையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.