பெட்டூனியா: தாய்ச்செடியின் நிறம் பிள்ளைக்கு ஏன் வருவதில்லை?

சென்ற பருவத்தில் பூத்த செக்கச்சிவந்த பெட்டூனியாவிலிருந்து விதை எடுத்து விதைத்தேன். பூத்தவற்றில் பாதிக்கு மேல் வெளிர் ஊதா, அழுக்கு வெள்ளை. விதை எடுத்த விதத்தில் தவறா?

உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. செடியின் பூர்விகம் அப்படி. தோட்டப் பெட்டூனியா தென் அமெரிக்காவின் காட்டுச் செடிகளைக் கலந்து மனிதர் உருவாக்கியது. முக்கியமான மூதாதைகள் இரண்டு. ஒன்று, வெள்ளைப் பூ பூக்கும் பெட்டூனியா ஆக்ஸில்லாரிஸ். 18ஆம் நூற்றாண்டிலேயே தாவரவியலாளர்கள் அதைச் சேகரித்துவிட்டார்கள். மற்றது, ஊதாப் பூ பூக்கும் பெட்டூனியா இன்டெக்ரிஃபோலியா. ஜேம்ஸ் ட்வீடி என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1831இல் அதைக் கிளாஸ்கோவுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இரண்டையும் கலந்துவிட்டார்கள். இன்று கடையில் காணும் அத்தனை நிறங்களுக்கும் அடியில் அந்த வெள்ளையும் ஊதாவும்தான் படுத்திருக்கின்றன.

நல்ல சிவப்பு கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1953இல் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் என்ற, புதிய ரகங்களுக்கான அமெரிக்க விருதைப் பெற்ற 'கொமாஞ்சி' அந்த வகையில் பெயர் வாங்கிய ரகம். அது முதல் தலைமுறைக் கலப்பின ரகம். அதாவது, தனித்தனியே தூய்மையாகப் பேணப்படும் இரு பெற்றோர் வரிசைகளை ஒவ்வொரு முறையும் கையால் மகரந்தம் சேர்த்து விதை எடுக்கிறார்கள். அந்த விதையில் எல்லாச் செடிகளும் ஒன்றுபோல வரும். அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து, பதுங்கியிருந்தவை தலைகாட்டும். உங்கள் தொட்டியில் நடந்தது இதுதான்.

அதே சிவப்பு வேண்டுமானால் நுனித்தண்டை நட்டு வேர்விடச் செய்யுங்கள். மொட்டில்லாத, ஏழெட்டு சென்டிமீட்டர் நுனி போதும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரமான தென்னை நார்க்கழிவில் ஊன்றி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடிக்கும். காப்புரிமை உள்ள ரகங்களை இப்படிப் பெருக்க அனுமதி இருக்காது, செடியோடு வரும் விவர அட்டையைப் படித்துவிடுங்கள். வெளிர் ஊதாச் செடிகளைப் பிடுங்கி எறியவும் வேண்டாம். மாலையில் அவற்றை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

முகர்வது பற்றி நானும் கேட்க நினைத்தேன். சில பெட்டூனியா மணக்கிறது, சில மணப்பதே இல்லை. ஏன்?

வெள்ளை மூதாதைக்கு இரவில் வரும் அந்துப்பூச்சிகள்தான் மகரந்தத் தூதர்கள். இருட்டில் நிறம் பயன்படாது, மணம்தான் அழைப்பு. ஊதா மூதாதையை நாடுவது பகலில் வரும் தேனீ. அங்கே மணத்துக்கு அவ்வளவு வேலையில்லை. வெள்ளையிலும் அடர்ஊதாவிலும் மணமுள்ள ரகங்கள் கிடைக்கும். பகலில் கடையில் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், பொழுது சாய்ந்த பிறகுதான் மணம் எழும். நிறத்தையும் பூவின் அளவையும் துரத்திய வளர்ப்பாளர்கள் மணத்தைக் கோட்டைவிட்டார்கள் என்பது என் நெடுநாளைய வருத்தம்.

விதை முளைக்கவே மாட்டேன் என்கிறது. மூன்று பாக்கெட் வீண்.

மண்ணைப் போட்டு மூடியிருப்பீர்கள். ஒரு கிராமில் ஏறத்தாழ பத்தாயிரம் விதை இருக்கும், அவ்வளவு பொடி. முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். ஈரமாக்கிய கலவையின் மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள், அவ்வளவுதான். உலர்ந்த நுண்மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. பூவாளியால் ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போகும். தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தால் ஏழு முதல் பத்து நாட்களில் பச்சைப் புள்ளிகள் தெரியும். விதைத்ததிலிருந்து பூவரை மூன்று மாதம் பொறுத்திருங்கள்.

செடி கயிறுபோல நீண்டுவிட்டது. நுனியில் மட்டும் இரண்டு பூ, நடுவில் மொட்டை.

வெயில் குறைவு, அல்லது கத்தரிக்கோல் எடுக்கத் தயக்கம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படவேண்டும். நாற்று நான்கு விரல் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். இப்போது வளர்ந்துவிட்ட செடியை ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தண்டுகளைப் பாதியாக வெட்டிக்கொண்டே வந்தால் பூவும் நிற்காது, புதிய தளிரும் வரும். வெட்டியபின் நீரில் கரையும் உரம் கொடுங்கள். பெட்டூனியா பெருந்தீனிக்காரச் செடி.

வாடிய பூவை எடுக்கும்போது இதழை மட்டும் உருவுகிறவர்கள் பலர். சுருங்கிய புனலை இழுத்தால் அது சுலபமாகக் கையோடு வந்துவிடும். ஐந்து பச்சை இதழ்களுக்கு நடுவே கூரான சிறு காய் மட்டும் தண்டிலேயே நிற்கும். செடி தன் சத்தையெல்லாம் அதில் கொட்டும். காம்போடு கிள்ளுங்கள்.

இலை தொட்டால் பிசுபிசுக்கிறது. நோயா?

இல்லை. இலை, தண்டு முழுவதும் பசை சுரக்கும் நுண்முடிகள் உண்டு. அது பிறவிக் குணம். இலையின் அடியில் பச்சை அசுவினிக் கூட்டம் தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

தளிர் இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. தழைச்சத்து போட்டும் சரியாகவில்லை.

தழைச்சத்துக் குறைவென்றால் முதலில் முதிர்ந்த இலைதான் மஞ்சளாகும். இது இரும்புச்சத்துக் குறைபாடு. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும். காரத்தன்மை கூடியதால் வேரால் எடுக்க முடியாது. பெட்டூனியாவுக்கு அமிலகார நிலை (pH) 5.5 முதல் 6.2 வரை பிடிக்கும். கடின நீரைத் தொடர்ந்து ஊற்றினால் அது மெல்ல ஏறிவிடும். கிலேட் செய்த இரும்பு, அதாவது வேர் எளிதில் எடுக்கும் வடிவில் உள்ள இரும்பு கொடுங்கள், இயன்றால் மழைநீர் ஊற்றுங்கள். எப்போதும் சதசதவென்று இருக்கும் தொட்டியிலும் வேர் நைந்து இதே மஞ்சள் வரும். ஆகவே முதலில் வடிகால் துளையைப் பாருங்கள்.

மொட்டுகளில் ஓட்டை, இலைமேல் கறுப்புத் துகள்.

துகள் புழுவின் எச்சம். அந்தி சாய்ந்ததும் விளக்கோடு போய்ப் பார்த்தால் பிடிபடும். கையால் பொறுக்குங்கள். அதிகமிருந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தைத் தெளிக்கலாம். ஆனால் புழு மொட்டுக்குள் புகுந்தபின் தெளிப்பது வீண், புழு அதைத் தின்றால்தான் சாகும்.

ஊதாப் பூவில் வெள்ளை நட்சத்திரக் கோடுகள் ஒரு வாரம் அகலமாகவும் மறுவாரம் குறுகலாகவும் வருகின்றன. வைரஸா?

நட்சத்திர ரகமென்றால் அது இயல்பு. வெள்ளைப் பகுதியில் நிறமியை உண்டாக்கும் மரபணுவின் செய்தியைச் செல்லே அழித்துவிடுகிறது. வெப்பநிலை மாறினால் அதன் பரப்பும் மாறும். இதற்கு ஒரு பெரிய கதை உண்டு. 1990இல் ரிச்சர்ட் ஜார்கென்சன் குழு, ஊதாவை இன்னும் அடர்த்தியாக்க நிறமி மரபணுவின் கூடுதல் பிரதியைப் பெட்டூனியாவுக்குள் செலுத்தியது. பல செடிகள் வெள்ளையாகவும் திட்டுத் திட்டாகவும் பூத்தன. மரபணுவின் செய்தியைச் செல்லே அழித்து அந்த மரபணுவை அடக்கும், ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்று பின்னர் அறியப்பட்ட நிகழ்வின் முதல் தடயங்களுள் ஒன்று அது. அதன் வேலைமுறையைப் புழுக்களில் விளக்கிய விஞ்ஞானிகள் ஃபயர், மெல்லோ இருவருக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆரஞ்சுப் பெட்டூனியாவை அழிக்கச் சொன்னார்கள் என்பது உண்மையா? விஷமா அது?

உண்மை, ஆனால் விஷமில்லை. ஆரஞ்சு நிறமியை உருவாக்கப் பெட்டூனியாவின் சொந்த நொதியால் முடியாது. 1987இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் மக்காச்சோள மரபணு ஒன்றைச் செலுத்தி அந்த நிறத்தை வரவழைத்தார்கள். 2015இல் ஹெல்சின்கி ரயில் நிலையத் தொட்டிகளில் ஆரஞ்சுப் பூக்களைக் கண்ட தாவர விஞ்ஞானி டீமு டீரிக்குச் சந்தேகம் தட்டியது. சோதித்தால் அதே அந்நிய மரபணு! அனுமதியின்றி விற்பனைக்கு வந்திருந்ததால், 2017இல் ஃபின்லாந்திலும் அமெரிக்காவிலும் பல ரகங்கள் சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. குற்றம் சட்டத்தின் கணக்கில்தான். செடி யாருக்கும் தீங்கு செய்யவில்லை.

தக்காளிக்குப் பக்கத்தில் வைக்கலாமா?

இரண்டும் கத்தரிக் குடும்பம். புகையிலைத் தேமல் வைரஸ் இரண்டையும் தாக்கும், கையாலும் கத்தரிக்கோலாலும் பரவும். சற்றுத் தள்ளி வையுங்கள். புகையிலையைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவாமல் நாற்றைத் தொடாதீர்கள்.

மழை பெய்தால் பூவெல்லாம் ஈரக் காகிதமாகிவிடுகிறது. என்ன ரகம் வாங்கலாம்?

பெரும்பூ ரகங்களையும் அடுக்குப் பூவையும் கூரைக்கடியில் வையுங்கள். திறந்தவெளிக்குச் சிறுபூ ரகங்கள் நல்லவை, மழை விட்டதும் மறுநாளே தேறிவிடும். படரும் வகைகளும் தாங்கும். 1989இல் ஜப்பானின் சன்டோரி நிறுவனம் கொண்டுவந்த சர்ஃபீனியா, 1995இல் அதே ஆல்-அமெரிக்கா விருது பெற்ற 'பர்ப்பிள் வேவ்' இரண்டும் அந்த வழியில் வந்தவை. தொங்குதொட்டிக்கு ஒன்று போதும். மூன்றைத் திணித்தால் வெயில் நாளில் காலையும் மாலையும் நீர் ஊற்ற வேண்டியிருக்கும்.