நெட்டாலுக்குப் போன முனுசாமி: பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

கேள்வி: என் எள்ளுத்தாத்தாவின் தம்பி முனுசாமி, தாது வருஷப் பஞ்சத்தில் 'நெட்டாலு'க்குக் கப்பலேறினார் என்று வீட்டில் சொல்வார்கள். தென்னாப்பிரிக்கக் கப்பல் பட்டியலை இறக்கித் தேடினேன். வட ஆற்காட்டு முனுசாமிகள் கணக்கில்லாமல் வருகிறார்கள். ஒருவருக்கு மட்டும் எங்கள் ஊர் பொருந்துகிறது. ஆனால் சாதி வேறு, வயதும் ஆறேழு குறைவு. அடுத்த எண்ணில் 'மனைவி' என்று 18 வயதுப் பெண். எங்கள் முனுசாமியோ மனைவியை இங்கே விட்டுவிட்டுப் போனவர். இவர் எங்கள் ஆள்தானா? – ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: சாதியும் வயதும் இடிக்கின்றன என்பதற்காக அந்த வரியைத் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பட்டியலில் குறைவாக நம்ப வேண்டிய கட்டங்களே அவை இரண்டும்தான். நெட்டால், தென்னாப்பிரிக்காவில் இருந்த ஆங்கிலேயக் காலனி; அங்கே ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்த கரும்புத் தோட்டங்களுக்கு வேண்டியது மண்வேலை தெரிந்த இளவட்டங்கள். அதற்கேற்ற வயதையும் சாதியையும் சொல்லும்படி ஆள்பிடிக்கும் தரகரே பாடம் சொல்லிக்கொடுப்பதுண்டு. போகிறவர்களில் சிலர் பழைய அடையாளத்தைத் துறைமுகத்திலேயே கழற்றிப் போட்டார்கள். மிச்சத்தைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டவர் குமாஸ்தா. அவருடைய எழுத்தை வைத்து வீட்டில் பஞ்சாயத்து வேண்டாம்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். நெட்டாலுக்கு முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1866-இல் ஆள் எடுப்பது நின்று, 1874-இல்தான் மறுபடி தொடங்கியது. ஆகவே தாது வருஷம், அதாவது 1876–77, சரியாகப் பொருந்துகிறது. இதுவே 1870 என்று வீட்டில் சொல்லியிருந்தால், மொரீஷியஸ் பக்கம் தேடச் சொல்லியிருப்போம்.

அடுத்தது தகப்பனார் பெயர். முடிவு செய்யப்போவது இந்தக் கட்டம்தான். உங்கள் எள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் வீட்டில் யாருக்கும் நினைவில்லையென்றால், பழைய பாகப்பிரிவினை, கிரயப் பத்திரங்களைத் தேடுங்கள். அவற்றில் '...குமாரர்' என்று தகப்பன் பெயர் பெரும்பாலும் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பின்னால் போகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வே எண்ணும் கிராமமும் எழுதிக்கொடுத்துப் பழைய புத்தகங்களில் கையால் தேடச் சொல்ல வேண்டும். பத்திரமே இல்லாத குடும்பமென்றால் ஒரு குறுக்குவழி: மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் வழக்கம். உங்கள் கொள்ளுத்தாத்தா மூத்த மகன் என்றால், அவர் பெயரே பட்டியலில் முனுசாமியின் தகப்பன் பெயராக இருக்கக்கூடும். இது ஊகம்தான், சான்றாகாது.

பிறகு அந்த வரிக்கு மேலே இருபது, கீழே இருபது வரிகளை வாசியுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடும் வேலை இது. பஞ்சத்தில் பலர் தனியாகக் கிளம்பவில்லை. ஒரே ஊர், பக்கத்து ஊர் ஆட்கள் கூட்டமாகப் பதிந்து அடுத்தடுத்த எண் வாங்கினார்கள். அக்கம்பக்கத்தில் உங்கள் தாலுகா ஊர்கள் வந்தால் நம்பிக்கை கூடும். ஊர்ப் பெயரைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டு உச்சரித்துப் பாருங்கள். வந்தவாசி 'வாண்டிவாஷ்' ஆகும், காஞ்சிபுரம் 'கஞ்சீவரம்' ஆகும். ழகரம் எதுவாகவும் மாறும். தகரமும் டகரமும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துதான். முனுசாமியை 'மூன்சாமி', 'முன்சாமி' என்றும் தேட வேண்டும்.

அந்த 18 வயதுப் பெண்ணுக்கு வருவோம். அவர் வரியில் உள்ள ஊரைப் பாருங்கள். அது வேறு மாவட்டமாக இருந்தால், அநேகமாக அது 'டிப்போ கல்யாணம்'. கப்பலுக்குக் காத்திருந்த முகாமில் சேர்ந்த ஜோடி. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று விதி இருந்ததால் பெண்ணோடு வருகிறவரை அதிகாரிகளுக்குப் பிடிக்கும்; தனியாகப் போகும் பெண்ணுக்கும் அது ஒரு காவல். ஆகவே அந்த வரியும் உங்கள் வீட்டுக் கதையும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். இங்கே விடப்பட்டவரின் வழிவந்தவர்கள் இருந்தால், ஊருக்குச் சொல்லுமுன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

தகப்பன் பெயரும் ஊரும் பொருந்திவிட்டால், அதன்பின் பெயரை மறந்துவிட்டு எண்ணைப் பிடியுங்கள். 1911 வரை நெட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு காலனி எண் உண்டு. முதலாளி மாறினாலும், முறையிட்டாலும், கல்யாணத்தைப் பதிந்தாலும் காகிதத்தில் அந்த எண் கூடவே வரும். பெயரோ தலைமுறைக்கொரு வேஷம் போடும். தாத்தாவின் முதற்பெயரே பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. முதலியார் 'மூட்லி' ஆனதும், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும் அங்கேதான்.

தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளையைத் தேர்ந்து, எண்ணையும் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் போட்டுப் பாருங்கள். நீங்கள் குறிவைக்க வேண்டியது, இறந்தவரின் சொத்துக் கோப்பில் இருக்கும் இறப்பு அறிவிப்புப் படிவம். பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் என்று ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கும். சொத்து விட்டுப்போகாதவர்களுக்குக் கோப்பு இருக்காது. அவர்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் நெட்டால் இறப்புப் பதிவுகளில் தேடலாம். ஒப்பந்தம் முடிந்து இந்தியா திரும்பியவர்களும் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

டிஎன்ஏ பரிசோதனைக்கு அவசரம் வேண்டாம். உங்களுக்கும் அவர் எள்ளுப்பேரர்களுக்கும் உள்ள தூரத்தில், உண்மையான உறவினரிடையேகூடப் பாதிக்குப் பாதி பொருத்தம் தெரியாமல் போகும். மாமன் மகளையும் அத்தை மகனையும் தலைமுறைகளாகக் கட்டிக்கொண்ட குடும்பங்களிலோ, தூரத்து உறவுகூட நெருங்கிய உறவாகக் கணக்கில் வரும். செய்வதென்றால் ஆண்வழி ஒய் குரோமோசோம் சோதனை. இங்கே உங்கள் அப்பாவோ அண்ணன் தம்பியோ, அங்கே மகன்வழி வந்த ஓர் ஆண், இருவரும் கொடுக்க வேண்டும்.

அங்கே முனுசாமியின் வழிவந்தவர்கள் கிடைத்தால் முதல் கடிதத்திலேயே எண், கப்பல், ஊர் மூன்றையும் எழுதி, குலதெய்வம் எது என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் மறந்துபோன வீட்டிலும் 'பச்சையம்மன்' என்ற சொல் தங்கியிருக்கக்கூடும். நிலபுலம் பற்றிய கேள்வியோ கோரிக்கையோ இல்லை என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். பங்கு கேட்டு வருகிறார்களோ என்று இங்கே உங்கள் சித்தப்பாக்கள் பயப்படுவது போலவே, பணம் கேட்கத்தான் எழுதுகிறார்களோ என்று அங்கேயும் நினைப்பார்கள்.