காசநோய் ஆராய்ச்சி: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பல வருடங்களாகக் காசநோய்க் கள ஆய்வில் வேலை பார்க்கிறேன். ஆராய்ச்சி பற்றியும் கருத்தரங்குகள் பற்றியும் கேளுங்கள் என்றேன். பாதிக்கு மேல் வீட்டுக் கவலைகள்தான் வந்திருக்கின்றன, அதுவும் சரிதான்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு நுரையீரல் டி.பி. என்று போன வாரம்தான் தெரிந்தது. வீட்டில் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர், சின்னவனுக்கு மூன்று வயது. அப்பாவுக்குத் தட்டு, டம்ளர் தனியாக வைத்துவிட்டோம். எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்தத் தட்டையும் டம்ளரையும் எல்லாரோடதும் சேர்த்து வையுங்கள். டி.பி. காற்று வழியாகப் பரவுகிறது, பாத்திரம் வழியாக இல்லை. உங்கள் கேள்விக்கு விடை கிடைத்ததே சென்னையில்தான். 1956இல் இங்கே காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள் (இன்று அதுதான் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்). நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் தனி மருத்துவமனை) சேர்த்தார்கள், மறு பாதியை அவரவர் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாத்திரை, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடித்தனம், சாப்பாடும் மட்டம், ஓய்வும் குறைவு. அப்படியும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியம், நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில் மற்றவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. கிருமி பரவியதெல்லாம் பெரும்பாலும் நோய் தெரியவருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது, மருந்து தொடங்கியதும் பரவும் வேகம் சட்டென்று இறங்கிவிடுகிறது. 1959இல் இந்த முடிவு வெளியான பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாகத் தேவையற்றுப் போயின.

அதனால் அப்பாவை எங்கும் அனுப்ப வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முதல் சில வாரம் முகக்கவசம் போடட்டும், மாத்திரை ஒரு நாள்கூட விடக்கூடாது. பிள்ளைகள் இரண்டு பேரையும் இந்த வாரமே பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை தருவார்கள். மூன்று வயதுக்காரன் விஷயத்தில் தள்ளிப்போடவே கூடாது.

கேள்வி: பிசிஜி (டி.பி. தடுப்பூசி) தழும்பு கையில் இருக்கும்போதே எனக்கு டி.பி. வந்தது. அப்புறம் எதற்கு அந்த ஊசி?

பதில்: குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான டி.பி. வராமல் காக்கிறது, அதற்காகத்தான் போடுகிறோம். பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவில்லை என்று காட்டியது 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி 15 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு. உலகமே எதிர்பார்த்த விடைக்கு நேர்மாறாக வந்தும் மறைக்காமல் வெளியிட்டார்கள், எனக்கு அதில் பெருமை உண்டு. இப்போது எம்72 என்ற புதுத் தடுப்பூசியின் மூன்றாம் கட்ட ஆய்வு 2024இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கி வேறு சில நாடுகளிலும் நடக்கிறது, சுமார் 20,000 பேர். முந்தைய கட்டத்தில் நோய் வருவதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. முடிவு வரும்வரை பொறுத்திருப்போம்.

கேள்வி: டாக்டர், ஒரு முரண்பாடு. மட்டமான சாப்பாட்டிலும் குணமானது என்கிறது 1959 ஆய்வு. இப்போது எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் சத்துணவு, சத்துணவு என்கிறார்கள். எது உண்மை?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இதைத் தொடங்கியது வீண்போகவில்லை. இரண்டும் உண்மை, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு கேள்விகள். மருந்து சரியாகப் போனால் மட்டமான சாப்பாட்டிலும் சளியில் கிருமி போய்விடுமா என்பது அன்றைய கேள்வி. போய்விடும். ஆனால் அந்த விடையை வைத்துக்கொண்டு சாப்பாடே முக்கியம் இல்லை என்று பல காலம் நடந்துகொண்டோமே, அது நாம் செய்த தப்பு, ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை.

ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு வேறு ஒன்றைக் கேட்டது: நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கும் சாப்பாடு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா? 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்குமே அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொண்ட உணவுக்கூடை போனது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. 2023இல் முடிவு வந்தது. கூடுதல் உணவு கிடைக்காத வீடுகளில் 2.6% பேருக்கு டி.பி. வந்தது, கிடைத்த வீடுகளில் 1.7%. பின்தொடர்ந்த காலத்தையும் மற்ற வேறுபாடுகளையும் கணக்கில் எடுத்தால் 39% குறைவு. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது! முதல்முறை படித்தபோது எழுந்து நடந்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

கேள்வி: மறு பிரிவு வீடுகளுக்குக் கொடுக்காமல் விட்டது அநியாயம் இல்லையா மேடம்?

பதில்: எனக்கும் உறுத்தியது. ஆனால் அந்த வீடுகளுக்கு வழக்கமாகக் கிடைப்பது எதுவும் நிறுத்தப்படவில்லை, நோயாளிக்கு உணவும் போனது. ஒப்பிட ஒரு பக்கம் இல்லாமல் போயிருந்தால் "சாப்பாடு கொடுத்தால் நல்லதுதானே" என்ற பேச்சோடு நின்றிருக்கும், எந்த நிதித்துறையும் கோப்பைத் திறந்திருக்காது. முடிவு தெரிந்த பிறகும் கொடுக்காமல் இருப்பதுதான் பெரிய அநியாயம். நிக்‌ஷய் போஷண் திட்டத்தில் (நோயாளி சத்தாகச் சாப்பிட அரசு தரும் பணம்) நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்தது 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது, நல்லது. ஆனால் அது நோயாளி ஒருவருக்கு, ஆய்வு சொன்னது வீட்டில் உள்ள எல்லாருக்கும்.

கேள்வி: நான் கிராம சுகாதார செவிலியர். புது நோயாளி வந்த அன்றே என்ன பார்க்க வேண்டும்?

பதில்: சிஸ்டர், 2022இல் தொடங்கிய நம் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதைத்தான் எளிமையாக்கியது. உயரமும் எடையும் பாருங்கள், பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் எண்) 14 அல்லது அதற்குக் கீழே என்றால் (155 செ.மீ. உயரத்துக்கு சுமார் 33.6 கிலோ) உடனே மருத்துவமனை. பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடிகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டுகிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் 94%க்குக் கீழே இறங்குகிறதா, காலில் வீக்கம் உண்டா என்று பாருங்கள். இறப்புகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்துக்குள்தான், எனவே அந்த ஐந்து நிமிடம் உங்கள் கையில் இருக்கிறது. எடையைத் தொடர்ந்து குறித்து வையுங்கள். ஜார்க்கண்ட் நோயாளிகளில் இரண்டு மாதத்தில் 5% எடை கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61% குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு அது வெறும் 2 கிலோ.

கேள்வி: கருத்தரங்குகளில் பாதி புரிவதில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: எந்த சதவீதத்தைத் திரையில் காட்டினாலும் "எத்தனை பேரில்?" என்று கேட்கப் பழகுங்கள். 39% என்பதும் நூற்றில் 2.6 பேர் 1.7 ஆனது என்பதும் ஒரே ஆய்வுதான், காதில் விழுவதுதான் வேறு. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் இணைய வகுப்பு அடிப்படைக்குப் போதும்.

கேள்வி: இருமலே இல்லை, பசியில்லை, மெலிந்துகொண்டே போகிறேன். டி.பி.யாக இருக்க முடியாது, இல்லையா?

பதில்: இருக்க முடியும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் 42.6% நோயாளிகள் தவறிப்போயிருப்பார்கள். சர்க்கரை முதலான வேறு காரணங்களும் உண்டு, அதனால் பயப்பட வேண்டாம். நாளைக் காலை அரசு மருத்துவமனைக்குப் போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள், சளி வந்தால் அதையும் கொடுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.