பட்டர்ஃபிளை நீச்சல்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இரண்டு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் பட்டர்ஃபிளை வகையில் இளம் வயதில் 200 மீட்டர் நீந்தினேன், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சர்வதேச அளவில் நீந்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், என் மகளுக்கு 11 வயது. பட்டர்ஃபிளை என்றால் உயிர். இப்போதே அதை மட்டும் பழக்கலாமா?

வேண்டாம். நான்கு வகை நீச்சலும் நீந்தட்டும். பட்டர்ஃபிளையை 25 மீட்டர், 50 மீட்டர் துண்டுகளாக, அசைவு கெடாத வரைக்கும் மட்டும் நீந்தவிடுங்கள். கை தளர்ந்த பிறகும் "இன்னும் ரெண்டு லேப்" என்று விரட்டினால், அந்தத் தளர்ந்த அசைவுதான் உடம்பில் பதியும். அதை மாற்ற வருடக்கணக்கில் ஆகும். அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 15 வயதிலேயே சிட்னி ஒலிம்பிக்கில் ஐந்தாவதாக வந்தார், அடுத்த ஆண்டே உலக சாதனை படைத்தார் என்பது உண்மைதான். ஆனால் அவரை அளவுகோலாக வைக்காதீர்கள். ஜோசப் ஸ்கூலிங் சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கித் தந்தபோது அவருக்கு 21 வயது. உங்கள் மகளுக்குக் காலம் இருக்கிறது.

அண்ணா, 100 மீட்டரில் கடைசி 15 மீட்டர் வந்தால் கை தண்ணீரை விட்டு எழும்பவே மாட்டேன் என்கிறது. ஜிம்முக்குப் போகணுமா?

போங்கள், தப்பில்லை. ஆனால் இது பெரும்பாலும் பலக்குறைவு அல்ல தம்பி, தாளம் தப்புவது. ஒரு கைவீச்சுக்கு இரண்டு கிக், அதாவது கால் உதை. கை தண்ணீருக்குள் இறங்கும்போது ஒன்று, கை பின்னால் தள்ளி வெளியேறும்போது இன்னொன்று. களைப்பு வந்ததும் முதலில் செத்துப்போவது அந்த இரண்டாவது கிக்தான். அது போனால் இடுப்பு தாழும். இடுப்பு தாழ்ந்தால் தோள் மட்டும் முழு உடம்பையும் தூக்க வேண்டியிருக்கும். அப்புறம் கை எப்படி எழும்பும்?

மூச்சும் ஒரு காரணம். மூச்சு வாங்கத் தலையை உயரத் தூக்காதீர்கள், மோவாய் தண்ணீரை உரசினாலே போதும். கை முன்னால் விழுவதற்குள் தலை உள்ளே போய்விட வேண்டும். நான் இதைப் புரிந்துகொள்ளவே நாலு வருடம் ஆனது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் 100 மீட்டரில் ஃபெல்ப்ஸ் பின்தங்கித்தானே இருந்தார்? எப்படி ஜெயித்தார்?

எத்தனை முறை கேட்டாலும் அலுக்காத கேள்வி. பாதித் தூரத்தில் அவர் ஏழாவது. முடிவை நெருங்கும்போதும் செர்பியாவின் மிலோராட் சாவிச்தான் முன்னால் இருந்தார். சுவர் பக்கம் வந்ததும் சாவிச் கையை நீட்டி மிதந்தபடி போனார். ஃபெல்ப்ஸ் இன்னும் ஒரு அரை வீச்சு போட்டுச் சுவரை அடித்தார். ஃபெல்ப்ஸ் 50.58 வினாடி, சாவிச் 50.59. நூறில் ஒரு பங்கு வினாடிதான் வித்தியாசம்.

நான்கு ஆண்டு கழித்து லண்டனில் 200 மீட்டரில் இதே கதை திரும்பியது. இந்த முறை சுவருக்கு முன்னால் மிதந்தது ஃபெல்ப்ஸ். தென்னாப்பிரிக்காவின் சாட் லெ க்ளோஸ் 0.05 வினாடியில் தங்கத்தைத் தட்டிக்கொண்டு போனார். உலகத்திலேயே பெரிய பட்டர்ஃபிளை வீரருக்கே சுவரைத் தொடுவது தவறியது. அதனால்தான் என் பிள்ளைகளிடம் பயிற்சியில் ஒரு முறைகூடச் சோம்பலாகத் தொடாதே என்று கெஞ்சுகிறேன்.

நீருக்கடியில் போவதுதான் வேகம் என்றால், முழுத் தூரமும் அப்படியே போகலாமே?

ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் போனார்கள். 1996 அட்லாண்டாவில் ரஷ்யாவின் டெனிஸ் பங்கரத்தோவ் நீண்ட தூரம் நீருக்கடியிலேயே போய் 100, 200 இரண்டிலும் தங்கம் வென்றார். அப்புறம் விதி வந்தது: புறப்பட்டதும், சுவரைத் தொட்டுத் திரும்பும் ஒவ்வொரு டர்னுக்குப் பிறகும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும்.

ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறுவது எப்படி?

குறிப்பிட்ட காலத்துக்குள், அங்கீகரிக்கப்பட்ட போட்டியில், தகுதி நேரத்தைத் தொட வேண்டும். ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் அதிகபட்சம் இருவர். 2021இல் ரோமில் இந்தியாவின் சஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1:56.38இல் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் 'ஏ' தகுதி நேரம் 1:56.48. அந்தப் பத்தில் ஒரு பங்கு வினாடிக்குப் பின்னால் எத்தனை வருட விடிகாலைகள் இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும்.

தோள் வலியோடு நீந்தலாமா?

கூடாது. நீந்தி முடித்ததும் வரும் தசைக் களைப்பு வேறு. கையைத் தூக்கும்போது குத்துகிற வலியோ, தூக்கத்தைக் கெடுக்கிற வலியோ என்றால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

30 வயதைத் தாண்டியும் மேல்மட்டத்தில் நிற்க முடியுமா?

முடியும், தூரத்தை மாற்றிக்கொண்டால். ஸ்வீடனின் சாரா ஷோஸ்ட்ரோம் 2009இல் 100 மீட்டர் பட்டர்ஃபிளை உலகச் சாம்பியன் ஆனபோது 16 வயது நிரம்பவில்லை. பிறகு மெல்ல 50 மீட்டர் பக்கம் நகர்ந்தார். 2021இல் பனியில் வழுக்கி முழங்கை உடைந்தும் மீண்டு வந்தார். 30 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைலில் இரண்டு தங்கம் வென்றார். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் பட்டர்ஃபிளையும் சேர்கிறது. மூத்த வீரர்களுக்கு இது பெரிய வரம்.

ஐயா, மகனுக்கு 17 வயது. ஒரு வருடமாக 200 மீட்டர் நேரம் குறையவே இல்லை. விட்டுவிடட்டுமா என்று கேட்கிறான்.

அவசரப்பட வேண்டாம் அம்மா. இந்த வயதில் உயரம் கூடினால் பழைய தாளம் புது உடம்புக்குப் பொருந்தாமல் போவது உண்டு. நேரத்தை மறந்துவிட்டு, வீச்சுகளை எண்ணச் சொல்லுங்கள். பெய்ஜிங்கில் 200 மீட்டர் இறுதியில் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து எதுவும் தெரியாதபோது, ஃபெல்ப்ஸ் வீச்சுகளை எண்ணித்தான் சுவரைக் கண்டுபிடித்தார். அதிலும் உலக சாதனை, 1:52.03. மகன் முதல் 50 மீட்டரில் எத்தனை வீச்சு போடுகிறான், கடைசி 50இல் எத்தனை என்று இரண்டு வாரம் குறித்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.