அணையில தண்ணி இருந்துச்சு, பைப்புலதான் தண்ணி இல்ல

நகரம் பெருகிட்டே போகுதே, சுத்திகரிக்காத ஆத்துத் தண்ணியக் கூடுதலா சேத்து வைக்க இன்னொரு அணை கட்டுனா போதுமான்னு கேட்டுருக்கீங்க. காலேஜ் அசைன்மெண்ட் போல. நான் எஞ்சினியர் இல்ல, கோலாலம்பூர்ல அடுக்குமாடிங்களுக்கு பம்ப் சர்வீஸ் பண்றவன், "ஒனக்கென்ன தெரியும்"னு கமெண்ட்ல வர்றவங்க தாராளமா வரலாம்.

போதாது. ஏன்னா 2020 செப்டம்பர்ல எங்களுக்கு அணைத் தண்ணி தீந்து போகல. ராவாங் பக்கம் சுங்கை கோங்ங்கிற சின்ன ஆத்துல எவனோ கழிவ ஊத்தி, அது போய்ச் சேர்ற சுங்கை சிலாங்கூர் ஆறு நாத்தம் எடுத்து, அந்த ஆத்துத் தண்ணிய எடுக்குற சுத்திகரிப்பு நிலையம் நாலையும் ஒரே நேரத்துல மூடுனாங்க, பத்து லட்சத்துக்கு மேல அக்கவுண்டுக்குத் தண்ணி கட். கோலகுபு பாரு பக்கத்து அணையில தண்ணி இருந்தும் என்ன பண்றது, அங்கேர்ந்து தொறந்து விட்டாலும் அதே ஆத்து வழியாதான் கீழ இறைக்கிற இடத்துக்கு வரணும்.

1998 வேற கதை. மழை இல்லாம அணைங்களே எறங்கிப்போய் முறை வெச்சுத் தண்ணி விட்ட வருஷம், அதுக்கு அணைதான் மருந்து, பக்கத்து மாநிலம் பகாங்லேர்ந்து தண்ணி கொண்டாற மலையக் குடைஞ்சு 44.6 கிலோமீட்டர் சுரங்கம் போட்டதும் தப்புன்னு சொல்ல வரல. ஆனா ஆறு கெட்டுப்போனா ஆத்துலேர்ந்து தண்ணி இறைக்கிறத நிறுத்திட்டு நாலஞ்சு நாள் ஓட்டுறதுக்கு ஆத்துக்கு வெளியில, நிலையத்துக்குக் கிட்டக்க, ஒரு சேமிப்பு வேணும். நம்ம பழைய ஈயக்குட்டைங்க, அதான் வெள்ளீயம் தோண்டி எடுத்த பள்ளத்துல தண்ணி நின்ன குட்டைங்க, அதுக்குத்தான் தோது. 2014 வறட்சியில பெஸ்தாரி ஜெயா குட்டைத் தண்ணிய எடுத்தப்ப இரும்பு இருக்கு, மாங்கனீசு இருக்குன்னு பயந்தாங்க, பயம் நியாயம்தான், டெஸ்ட் பண்ணித்தான் எடுக்கணும். பூச்சோங் பக்கம் ரசாவ் குடிதண்ணித் திட்டம் இந்த மாதிரிக் குட்டைங்கள நம்பித்தான் போட்டது.

இவ்ளோ பேசுறேனே, 2020ல தண்ணி கட்டான அந்த நாலு நாளு எங்க பதினோராவது மாடியில நடந்தது தெரியுமா? ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி லோரி வரும், நானும் பொண்டாட்டியும் வாளியத் தூக்கிட்டு ஓடுவோம், லிப்ட்டுல ஏறி எறங்குறதுக்குள்ள கால்வாசி தளும்பிப் போயிரும். எங்கம்மா அரிசி கழுவுன தண்ணியக் கூட கொட்ட விடாம பழைய பெயிண்டு டப்பாவுல சேத்து வெச்சாங்க, கக்கூஸுக்கு அதுதான், நாலு நாளும் கக்கூஸ்ல கழனி வாசம்.

எனக்கு வயித்தெரிச்சல் அதுல இல்ல. எங்க பிளாட்டுல கீழ பெரிய டேங்க் இருக்கு, நெறைஞ்சிருந்தா எப்படியும் ஒரு நாளு தாங்கும். அதைக் கழுவி விடுற வால்வு அடியில ஒழுகுதுன்னு கமிட்டிகிட்ட எத்தன தடவ சொன்னேன். தண்ணி கட்டுன்னு அறிவிப்பு வந்த அன்னிக்கே போய்ப் பாத்தா டேங்க் பாதிதான், மீதி குப்பை ரூம் பின்னாடி சாக்கடையில போய்க்கிட்டு இருக்கு. காசில்லையாம், ஆனா அந்த வருஷம்தான் கேட்டுக்குத் தங்கக் கலர் பெயிண்ட் அடிச்சாங்க. பம்ப்பு ரிப்பேர் பண்ணிக் குடுத்ததுல எனக்கு வரவேண்டிய மூணு மாசப் பில்லு அதுக்கும் முன்னாடியே நிக்குது.

போன வாரம் சேர்மன் லிப்ட்டுல பாத்து, அந்த வால்வுக்கு ஒரு கொட்டேஷன் குடுங்களேன்னு கேக்குறாரு. பில்லப் பத்தி மூச்சே இல்ல.