பட்டத்துப் பிள்ளையின் படிப்பு

அன்புள்ள ஐயா,

பேரரசுகள் சில தலைமுறைகளிலேயே தளர்ந்துபோவதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். ஒரு சந்தேகம். அரண்மனையில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஆசிரியர்கள் கிடைத்தார்கள். நூல்கள், நேரம், பணம் எதற்கும் குறைவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஓடவும் வேண்டியதில்லை. இருந்தும் வரலாறு முழுக்க இத்தனை மோசமான அரசர்கள் ஏன்? சொல்லிக்கொடுத்த முறையில் பிழையா, இல்லை பிறவிக்குணத்துக்கு எந்தப் படிப்பும் மருந்தில்லையா? இந்த விஷயத்தில் திருந்திய அரச குடும்பம் ஏதாவது உண்டா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் ஆசிரியரையும் மாணவனையும் மட்டும் பார்க்கிறீர்கள். அரியணையில் உட்கார்ந்திருக்கும் ஆளை விட்டுவிட்டீர்கள். பட்டத்து இளவரசனின் படிப்பு பாழான இடங்களைத் தேடிப் போனால், பெரும்பாலும் அதைப் பாழாக்கியவர் அவனுடைய தந்தை, அல்லது தந்தையின் இடத்தில் அப்போது இருந்தவர். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

மற்ற வீடுகளில் மகன் தலையெடுத்தால் அப்பாவுக்கு நிம்மதி. அரசன் வீட்டில் அப்படி இல்லை. பிள்ளை நன்றாகக் கற்று, நன்றாகப் பேசி, படைவீரர்களுக்குப் பிடித்தவனாக வளர வளர, மந்திரிகள் அவன் பக்கம் ஒரு கண் வைக்க ஆரம்பிப்பார்கள், தந்தைக்குத் தூக்கம் போய்விடும். மக்கு வாரிசு நாட்டுக்கு ஆபத்து, கெட்டிக்கார வாரிசு அரசனுக்கு ஆபத்து. கோப்பெருஞ்சோழன் தன் இரண்டு மகன்கள் மீதே படை எடுக்கக் கிளம்பியபோது புல்லாற்றூர் எயிற்றியனார் வழிமறித்துக் கேட்டது புறநானூற்றில் இருக்கிறது: உனக்குப் பிறகு நாடு அவர்களுக்குத்தானே, அவர்களை வென்றுவிட்டால் உன் செல்வத்தை யாரிடம் விட்டுப்போவாய்? அரசன் கடைசியில் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து, உயிர்விட்டான்.

அர்த்தசாஸ்திரத்தில் இந்த இரட்டை நிலை அப்பட்டமாகத் தெரியும். இளவரசனின் பாடத்திட்டம் அதில் அழகாக இருக்கிறது. முதலில் எழுத்தும் எண்ணும், உபநயனத்துக்குப் பிறகு வேதமும் தத்துவமும் சான்றோரிடம், உழவு கால்நடை வாணிகம் பற்றிய அறிவு அந்தந்தத் துறை அதிகாரிகளிடம், ஆட்சிமுறை அதைச் சொல்லத் தெரிந்தவரிடமும் செய்து பழகியவரிடமும். முற்பகலில் யானை, குதிரை, தேர், ஆயுதம். பிற்பகலில் பழைய வரலாறு கேட்பது. இன்றைக்கும் குறை சொல்ல முடியாத திட்டம். ஆனால் சில அத்தியாயங்கள் தள்ளிப் போனால், அரசன் தன் பிள்ளைகளிடமிருந்தே தன்னைக் காத்துக்கொள்வது எப்படி என்று ஒரு விவாதம் வருகிறது! இளவரசர்கள் நண்டு மாதிரி பெற்றவரையே தின்பவர்கள், பாசம் வருவதற்கு முன்பே ரகசியமாகத் தீர்த்துவிடு என்கிறார் ஒரு பழைய ஆசிரியர். எல்லைக் கோட்டையில் கொண்டுபோய் வை என்கிறார் இன்னொருவர். சிற்றின்பத்தில் மூழ்க விட்டுவிடு, சுகத்தில் கிடக்கும் பிள்ளை அப்பனுக்கு எதிராக எழமாட்டான் என்று ஒருவர். நூலாசிரியர் கௌடில்யர் இந்தக் கடைசி யோசனையை உயிரோடு சாவதற்குச் சமம் என்று தள்ளுகிறார். பயிற்சி இல்லாத பிள்ளைகளைக் கொண்ட அரச குடும்பம் தாக்கப்பட்டதுமே புழு அரித்த மரம் போல நொறுங்கிவிடும் என்கிறார்.

அவர் தள்ளியதைத்தான் பிற்காலத்தில் பலர் செய்தார்கள். துருக்கியின் ஒட்டோமான் அரசை எடுத்துக்கொள்ளுங்கள். 16ஆம் நூற்றாண்டில் கூட இளவரசர்களைப் பதின்வயதிலேயே மனிசா, அமாஸ்யா போன்ற ஊர்களுக்கு ஆளுநராக அனுப்புவார்கள், கூடவே லாலா என்று அழைக்கப்பட்ட ஒரு மூத்த அதிகாரி போவார். வரி, வழக்கு, படை எல்லாம் சிறிய அளவில் அங்கே பழகலாம். பெயர்பெற்ற சுல்தான் சுலைமான் மனிசாவில் அப்படிப் பழகியவர்தான். அதே சுலைமான் 1553இல், படைவீரர்கள் தன் மகன் முஸ்தபாவை அதிகமாக விரும்புகிறார்கள் என்ற பயத்தில், அவனைத் தன் கூடாரத்துக்கே வரவழைத்துக் கழுத்தை நெரித்துக் கொல்ல வைத்தார். 1595இல் மூன்றாம் மெஹ்மத் பட்டத்துக்கு வந்தபோது அவருடைய 19 சகோதரர்கள் கொல்லப்பட்டார்கள். அப்புறம் இளவரசர்களை வெளியூருக்கு அனுப்பும் வழக்கமே நின்றுபோய், இஸ்தான்புல் அரண்மனைக்குள்ளேயே அடைத்து வைக்க ஆரம்பித்தார்கள். கொல்வதைவிட அது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் 1640இல் இப்ராஹிமிடம் நீங்கள்தான் இனி சுல்தான் என்று சொல்லப் போனபோது, தன்னைக் கொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைத் திறக்கவே மாட்டேன் என்றார். 1687இல் வந்த இரண்டாம் சுலைமான் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர். இவர்களிடம் போய் என்ன ஆட்சியை எதிர்பார்ப்பது?

சரி, அடைத்து வைக்காமல், மிகச் சிறந்த கல்வியே கொடுத்த இடத்துக்கு வருவோம். கொரியாவின் ஜோசொன் அரசு பட்டத்து இளவரசனின் படிப்புக்கென்றே தனி அலுவலகம் வைத்திருந்தது. அறிஞர்கள் முறைவைத்து வந்து கன்பூசிய நூல்களைப் பாடம் சொல்வார்கள், பிள்ளை ஒப்பிக்க வேண்டும், விளக்கம் சொல்ல வேண்டும். அங்கே 1735இல் சாதோ பிறந்தான். யொங்ஜோ அரசருக்கு அப்போது 40 வயது தாண்டியிருந்தது, முதல் மகன் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தவமிருந்து பெற்ற பிள்ளை என்றே சொல்லலாம். ஒரு வயது வாக்கில் பட்டத்து இளவரசன் என்று அறிவித்துவிட்டார்கள். அதற்கும் முன்பே, பிறந்து 100 நாளில், பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனி மாளிகையில் பணிப்பெண்களோடு வைத்தார்கள். அது கௌரவம் என்று நினைத்தார்கள். அப்பா பார்க்க வருவதே அரிதானது, வந்தால் பரீட்சை, பரீட்சை முடிந்தால் எல்லார் முன்னாலும் வசை. 1749இல் அவனைத் தன் சார்பில் ஆட்சி நடத்த உட்கார வைத்தார். சாதோவின் மனைவி ஹெக்யொங் சீமாட்டி தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருப்பதை வாசித்தபோது எனக்கு நெஞ்சடைத்தது: ஒரு விஷயத்தை அப்பாவிடம் கேட்டுச் செய்தால், இதைக்கூட உன்னால் முடிவுசெய்ய முடியாதா என்று திட்டு, கேட்காமல் செய்தால், என்னைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்று திட்டு. அந்தப் பிள்ளைக்கு மனம் சிதறியது. உடை மாற்றவே பயந்தான், ஆத்திரத்தில் பணியாளர்களைக் கொன்றான், அந்தக் கொலைகளுக்கு அவன் மேல் இரக்கப்பட்டுப் பயனில்லை, செத்தவர்கள் எந்தப் பாவமும் செய்யாதவர்கள். 1762இல் யொங்ஜோ அவனை அரிசிப் பெட்டிக்குள் போட்டு மூட வைத்தார். எட்டு நாளில் செத்தான். வயது 27.

உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய நேரடியான பதில் இதற்கு அடுத்தது. சாதோவின் மகனுக்கு அப்போது 10 வயது இருக்கும். அவனை வாரிசாக வளர்த்தவர் அதே யொங்ஜோதான். அதே அரண்மனை, அதே நூல்கள், அதே மாதிரியான பரீட்சை. ரத்தமும் அதே ரத்தம். ஆனால் பேரனிடம் கிழவருக்குப் பிரியம். அவன் சொல்லும் பதிலைக் கேட்டு மகிழ்ந்தார், அதை அவனுக்குத் தெரியும்படி காட்டினார். அந்தப் பையன்தான் 1776இல் பட்டத்துக்கு வந்த ஜொங்ஜோ. வந்த வருடமே க்யுஜாங்கக் என்ற அரச நூலகத்தை நிறுவினார், ஜோசொன் அரசர்களில் பெரிய படிப்பாளி என்று இன்றைக்கும் பேசப்படுகிறார். பிறவிக்குணமா பாடமுறையா என்று கேட்டீர்களே, இந்த வீட்டில் இரண்டையும் மாற்றவில்லை. மாறியது கிழவரின் முகம் ஒன்றுதான்.

நம் ஊர்க்கதையும் ஒன்று உண்டு. தஞ்சாவூர் மராட்டிய அரசர் துளஜாஜி 1787இல் இறப்பதற்குச் சற்று முன்பு சரபோஜியைத் தத்தெடுத்தார். சிறுவன் என்பதால் ஆட்சி துளஜாஜியின் சகோதரர் அமர்சிங் கைக்குப் போனது. இந்தப் பையன் வளர்ந்தால் தன் இடம் போய்விடும் என்பது அமர்சிங்குக்குத் தெரியும், அதனால் அவனைப் படிக்கவிடாமல் அடைத்து வைத்தார். மிஷனரி ஷ்வார்ட்ஸ் விடாமல் போராடித்தான் அவனைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் படிக்க வைக்க முடிந்தது. 1798இல் சரபோஜி பட்டத்துக்கு வந்தபோது தமிழகத்தில் அவரளவு படித்த அரசர் வேறு யாரும் இல்லை. அடுத்த வருடமே கம்பெனியோடு ஒப்பந்தம், நாடு போனது, தஞ்சைக் கோட்டைதான் மிச்சம். படிப்பையெல்லாம் சரஸ்வதி மகால் நூலகத்திலும் தன்வந்திரி மகால் மருத்துவ நிலையத்திலும் கொட்டினார். நாடு கையில் இருந்து ஆண்டிருந்தால் எப்படி ஆண்டிருப்பார் என்று பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

எல்லா அரசர்களும் பிள்ளையைக் கண்டு பயந்தவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. சோழர்களைப் பாருங்கள். ராஜராஜன் 1012இலேயே ராஜேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டித் தன்னோடு சேர்த்து ஆளவைத்தான். ராஜேந்திரன் 1018இல் ராஜாதிராஜனுக்கு அதையே செய்தான், தந்தை இறந்த 1044 வரை 26 ஆண்டுகள் அவன் கூடவே இருந்து ஆண்டான். இன்னொரு மகன் சோழபாண்டியன் என்ற பெயரில் மதுரையில். 1054இல் கொப்பத்துப் போரில் ராஜாதிராஜன் யானை மேலேயே இறந்தபோது, தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடிப் போரை வென்றான். முன்பே அதிகாரத்தில் பழகியவனால்தான் அது முடியும். பாடத்திட்டம் என்று பார்த்தால் ஒட்டோமான்கள் கைவிட்டதும் இதுதான்: உண்மையான வேலை, தவறு செய்தால் தாங்கிக்கொள்ள மேலே ஒருவர். இங்கிலாந்தில் விக்டோரியா தன் மகனுக்குக் காலை முதல் மாலை வரை பாடம் வைத்தார், ஆனால் அரசாங்கக் காகிதங்களை மட்டும் பல பத்தாண்டுகள் கண்ணில் காட்டவில்லை. 59 வயதில் அரியணைக்கு வந்த அந்த ஏழாம் எட்வர்ட் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, தன் மகனுக்கு அந்தக் காகிதங்களைத் திறந்துவிட்டது. பட்டவருக்குத்தான் அருமை தெரியும்.

திருந்திய குடும்பம் உண்டா என்றால், ஜப்பானைச் சொல்வேன். பின்னாளில் பேரரசரான அகிஹிதோவை மூன்று வயதிலேயே பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். அது பயத்தால் அல்ல, வழக்கம். ஜொங்ஜோவுக்குக் கிடைத்ததைப் போன்ற ஒரு தாத்தாவும் இல்லாமல் அதிகாரிகளிடமும் ஆசிரியர்களிடமும் வளர்ந்த அவர், 1959இல் மிச்சிகோவைத் திருமணம் செய்த பிறகு அந்த வழக்கத்தை உடைத்தார். 1960இல் பிறந்த நருஹிதோ அப்பா அம்மாவோடு ஒரே வீட்டில் வளர்ந்தார். மிச்சிகோ வெளிநாடு போனபோது பிள்ளையை எப்படிக் கவனிப்பது என்று பணியாளர்களுக்குக் குறிப்பு எழுதிவைத்துவிட்டுப் போனார். நருஹிதோ பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டில் தேம்ஸ் நதியின் படகுப் போக்குவரத்து வரலாற்றை ஆராய்ந்தார். 1947 அரசமைப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே பேரரசரிடம் பறிக்க அதிகாரம் எதுவும் இல்லை என்பதும் இதற்கு உதவியிருக்கும்.

ஹெக்யொங் சீமாட்டியின் குறிப்புகள் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. 1795க்கும் 1805க்கும் நடுவில் நான்கு தடவையாக எழுதியவை, நான்கும் ஒரே மாதிரி இருக்காது. முதலாவதில் கணவனின் சாவைத் தொடாமலே கடந்துபோகிறார், 1805இல் எழுதியதில்தான் முழுதாகச் சொல்கிறார். கிடைத்தால் அந்தக் கடைசிப் பகுதியை முதலில் வாசியுங்கள். யொங்ஜோ விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாக இருக்கிறேன் என்று தோன்றினால் எழுதுங்கள், பேசுவோம்.

அன்புடன்.